வயர்லெஸ் கார்டும் லினக்ஸும்: தேனி வழியாக ஒரு வரலாறு

"லினக்ஸ் போட்டாச்சு, படம் தெரியுது, பாட்டு கேக்குது, வயர்லெஸ் மட்டும் வரலை." 2000களில் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்த்தவர்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர்கள் அபூர்வம். வன்தட்டைப் பிரித்து, சிடியிலிருந்து பூட் செய்து, ராத்திரி பூரா உட்கார்ந்து நிறுவிய பிறகு, ஐம்பது ரூபாய் அளவுகூட இல்லாத ஒரு சின்ன அட்டை "நான் வரமாட்டேன்" என்று அடம் பிடிக்கும். அதைச் சரிசெய்யும் வழியை இணையத்தில் தேடலாம் என்றால் இணையத்துக்கே அந்த அட்டைதான் வேண்டும்!

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதே பிரச்சினை தமிழ்நாட்டில் ஒரு இடத்தில் கண் பார்வை சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தது. தேனியில் ஒரு கண் மருத்துவமனையும், சுற்றியுள்ள ஊர்களும், லினக்ஸ் ஓடும் சில சின்னப் பெட்டிகளும் சேர்ந்த கதை அது. அதற்குப் போவதற்கு முன், அட்டை ஏன் அடம் பிடித்தது என்று பார்த்துவிடலாம்.

1. அட்டை ஏன் அடம் பிடித்தது?

வயர்லெஸ் அட்டை என்பது உண்மையில் ஒரு குட்டி வானொலி நிலையம். பேசவும் செய்யும், கேட்கவும் செய்யும். அதோடு கணினி பேச வேண்டுமென்றால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அதுதான் டிரைவர். விண்டோஸுக்கு டிரைவரை அட்டை தயாரிக்கும் நிறுவனமே எழுதி சிடியில் போட்டுக் கொடுத்துவிடும். லினக்ஸுக்கு பெரும்பாலும் யாரும் கொடுக்கவில்லை. அட்டைக்குள் இருக்கும் சிப் எப்படி வேலை செய்கிறது என்ற ஆவணத்தையும் வெளியிடவில்லை.

802.11 என்ற பொதுத் தரம் 1997இல் வந்தது. வினாடிக்கு 11 மெகாபிட் தரும் 802.11பி 1999இல் வந்தது. அந்த ஆரம்ப காலத்தில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. லூசென்ட்டின் ஒரினோகோ, இன்டர்சிலின் பிரிசம் சிப்புகளுக்கு லினக்ஸ் டிரைவர்கள் இருந்தன. எச்.பி. நிறுவனத்தில் இருந்த ழான் டூரியே எழுதிய வயர்லெஸ் கருவிகள்தான் (ஐடபிள்யூகான்ஃபிக் என்ற கட்டளை நினைவிருக்கிறதா?) பல ஆண்டுகளுக்கு எல்லோருக்கும் கைகொடுத்தன.

சிக்கல் 2003 வாக்கில் பெரிதானது. அந்த ஆண்டு மார்ச்சில் இன்டெல் சென்ட்ரினோவை அறிமுகப்படுத்தியது. மடிக்கணினி என்றால் உள்ளேயே வயர்லெஸ் இருக்க வேண்டும் என்பது வழக்கமானது. ஆனால் இன்டெல்லின் சொந்த லினக்ஸ் டிரைவர் வெளிவர 2004 ஆகிவிட்டது. பிராட்காம் நிறுவனமோ வாயே திறக்கவில்லை.

நிறுவனங்கள் சொன்ன காரணம் ஒன்று உண்டு. புதிய சிப்புகளில் அலைவரிசையையும் சக்தியையும் மென்பொருளே தீர்மானிக்கிறது. மூல நிரலைத் திறந்துவிட்டால் யாராவது அனுமதியில்லாத அலைவரிசையில் ஒலிபரப்புவார்கள், அமெரிக்காவின் எஃப்.சி.சி. போன்ற அமைப்புகள் தங்களைப் பிடிக்கும் என்றார்கள். போட்டியாளர் பார்த்துவிடுவான் என்ற பயமும் கூடவே இருந்திருக்கும்.

2. மூன்று குறுக்கு வழிகள்

கதவு திறக்கவில்லை என்றால் ஜன்னல். லினக்ஸ்காரர்கள் மூன்று ஜன்னல்களைக் கண்டுபிடித்தார்கள்.

முதலாவது, விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்டுவது. என்டிஸ்ராப்பர் என்ற மென்பொருள் இதைச் செய்தது. பொன்டுஸ் ஃபுக்ஸ் தொடங்கியதை கிரிதர் பெம்மாசானி பல ஆண்டுகள் வளர்த்தார். விண்டோஸ் டிரைவரிடம் "நீ விண்டோஸுக்குள்தான் இருக்கிறாய்" என்று பொய் சொல்லி வேலை வாங்குவதுதான் இதன் தந்திரம். பலருக்கு இது உயிர்காத்தது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் வழியில்லை.

இரண்டாவது, அட்டையை வேவு பார்த்து அதன் மொழியைக் கற்றுக்கொள்வது. பிராட்காம் சிப்புகளுக்கு இப்படித்தான் டிரைவர் வந்தது. ஒரு குழு சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்து ஆவணமாக எழுதும். அந்த ஆவணத்தை மட்டும் படித்து இன்னொரு குழு டிரைவரை எழுதும். இரண்டு குழுக்களும் கலக்கவே கூடாது. கலந்தால் காப்பியடித்ததாக வழக்கு வரலாம். இந்த டிரைவர் 2006 ஜூனில் வெளியான 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. அப்போதும் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேரை விண்டோஸ் டிரைவரிலிருந்து தனியாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பிராட்காம் தானே திறந்த மூல டிரைவர் கொடுத்தது 2010 செப்டம்பரில்தான்.

மூன்றாவது, பாதி திறந்த டிரைவர். ஏதெராஸ் சிப்புகளுக்கான மேட்வைஃபை இந்த வகை. சிப்பை நேரடியாகத் தொடும் பகுதி (இதை "ஹால்" என்பார்கள்) மூடிய பைனரி. அதற்கு மேலே உள்ள எல்லாம் திறந்த நிரல். இலட்சியவாதிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் தேனிக் கதைக்கு இந்தப் பாதித் திறப்பே போதுமானதாக இருந்தது.

3. லைசென்ஸ் போன கதை

இந்தியாவில் இன்னொரு பூட்டும் இருந்தது. 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, வயர்லெஸ் கருவியை வைத்திருக்கவே உரிமம் வேண்டும். ஊருக்கு ஊர் வைஃபை இணைப்பு போடுவது என்றால் டெல்லி வரை காகிதம் போய் வர வேண்டும்.

அதற்காக தமிழ்நாட்டில் யாரும் சும்மா இருக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்து, கம்பியில்லா வானொலிக் கருவிகள் வழியாக கிராமங்களுக்குத் தகவல் அனுப்பியது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. அதை வைத்து மேலூர் பகுதியில் கிராம இணைய மையங்கள் நடந்தன. அங்கிருந்து கண்ணைப் படம் எடுத்து மதுரை அரவிந்த் மருத்துவமனைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டதும் உண்டு. ஆனால் கார்டெக்டின் வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். புகைப்படம் போகும். டாக்டரும் நோயாளியும் முகம் பார்த்துப் பேசும் அளவுக்குத் தெளிவான வீடியோ போகாது.

2005 ஜனவரி 28 அன்று மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று விதி வெளியிட்டது. வீட்டுக்குள் மட்டுமல்ல, வெளியிலும்தான். செய்தித்தாளில் பெரிய செய்தியாக வராத ஓர் அறிவிப்பு. ஆனால் கிராமத்துக்கு வைஃபை போன பாதை இங்கேதான் திறந்தது.

4. தேனிக்கு என்ன தேவைப்பட்டது?

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தேனியில் கிளை 1985இல் வந்தது. கிராமங்களில் முகாம் நடத்தி, கண்புரை உள்ளவர்களை பஸ்ஸில் அழைத்து வந்து அறுவை சிகிச்சை செய்து அனுப்புவது அவர்களின் புகழ்பெற்ற முறை.

ஆனால் 1999இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது. முகாம் நடக்கும் ஊர்களில்கூட, கண்ணில் பிரச்சினை உள்ளவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கு வந்தார்கள். சிகிச்சை இலவசம், ஆனாலும் வரவில்லை. ஏன்?

வணிகவியல் பாடத்தில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று படிக்கிறோமே, அதுதான் விடை. ஒரு கூலித் தொழிலாளியின் அம்மாவுக்குக் கண் மங்குகிறது. டவுனுக்குப் போக பஸ் காசு, ஒரு நாள் கூலி போகும். அம்மா தனியாகப் போக முடியாது, கூட வருபவரின் கூலியும் போகும். "வயசானா கண்ணு அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். சர்க்கரை நோயாலோ கண் அழுத்தத்தாலோ வரும் பார்வை இழப்பு காத்திருக்காது. போன பார்வை திரும்பியும் வராது.

இதற்கு அரவிந்த் கண்ட வழி "விஷன் சென்டர்" என்ற சிறு கண் மையங்கள். முதல் மையம் 2004இல் தொடங்கியது. ஒரு சிறு கட்டடம், பயிற்சி பெற்ற ஒரு பெண் பணியாளர், கண்ணைச் சோதிக்கும் ஸ்லிட் லேம்ப், ஒரு கேமரா, ஒரு கணினி. டாக்டர் அங்கே இருக்க மாட்டார். பணியாளர் சோதித்த பிறகு, நோயாளி கணினி முன் உட்கார்ந்து பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டரோடு பேசுவார். கண்ணாடி போதுமா, மருந்தா, அறுவை சிகிச்சைக்கு வர வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். வர வேண்டியவர் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

கணக்கு சரி. ஆனால் வீடியோ போக வேண்டுமே! அன்றைக்கு இந்த ஊர்களில் நல்ல பிராட்பேண்ட் இல்லை. செயற்கைக்கோள் இணைப்பு என்றால் மாதாமாதம் வாடகை. மையம் தன் காலில் நிற்க வேண்டுமென்றால் அது கட்டுப்படியாகாது. கருவிக்கு ஒரு முறை செலவு செய்துவிட்டு அப்புறம் மாத வாடகையே இல்லாத இணைப்பு வேண்டும். அது வைஃபை மட்டும்தான்.

5. நூறு மீட்டர் கருவியை பதினைந்து கிலோமீட்டருக்கு இழுப்பது

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எரிக் பிரூவர் தலைமையிலான டையர் ஆராய்ச்சிக் குழு அரவிந்தோடு கைகோர்த்தது. ரபின் பட்ரா, சோனேஷ் சுரானா, செர்ஜியு நெடெவ்ஸ்கி, லட்சுமிநாராயணன் சுப்ரமணியன் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். போடிநாயக்கனூர், சின்னமனூர், பெரியகுளம் போன்ற ஊர்களின் மையங்களைத் தேனி மருத்துவமனையோடு இணைப்பது திட்டம். 2006இல் ஐந்து மையங்கள் இணைந்திருந்தன. ஒவ்வொரு இணைப்பும் 1 கிலோமீட்டர் முதல் 15 கிலோமீட்டர் வரை. நேராக எட்டாத ஊருக்கு நடுவில் ஒரு தாவல்.

பெட்டிக்குள் இருந்தது 266 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒரு குட்டிக் கணினிப் பலகை. ஹார்டு டிஸ்க் கிடையாது, கேமராவில் போடும் காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டைதான். அதில் சுருக்கப்பட்ட லினக்ஸ் 2.4.26. ஏதெராஸ் வயர்லெஸ் அட்டைகள், மேலே வலை போன்ற கிண்ண ஆண்டெனா. சராசரியாக 7 வாட் மின்சாரம் போதும், அதாவது இன்றைய ஒரு எல்இடி பல்பு அளவு.

முதல் விதி: ஆண்டெனாவும் ஆண்டெனாவும் ஒன்றையொன்று "பார்க்க" வேண்டும். நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். சேந்தமங்கலத்தில் நின்றால் கொல்லிமலையின் முகப்பு கண்முன் சுவர் மாதிரி தெரியும். அதன் உச்சி விளிம்பில் ஓர் ஆண்டெனா இருந்தால் சேந்தமங்கலம் மொட்டை மாடியோடு பேசிவிடும். ஆனால் விளிம்புக்குப் பின்னால் மலைமேல் உள்ள ஊர்களுக்கு நேரடியாக அலை போகாது. விளிம்பில் ஒரு தாவல் வைத்துத்தான் போக வேண்டும். அதுமட்டுமல்ல, கோடு மாதிரி ஒரு பார்வை போதாது. 15 கிலோமீட்டர் இணைப்பில் பாதையின் நடுவே சுமார் 20 மீட்டர் ஆரத்துக்கு மரம், கட்டடம் ஏதும் பெரிதாக மறைக்காமல் இருக்க வேண்டும். தென்னை வளர்ந்தால் இணைப்பு தளரும்!

இரண்டாவது பிரச்சினைதான் டிரைவர் சம்பந்தப்பட்டது. வைஃபை அட்டை ஒரு பொட்டலம் அனுப்பியதும் "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். வீடு, அலுவலகத்துக்கு என்று வடிவமைத்ததால் மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். வானொலி அலை ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் போகும். 15 கிலோமீட்டர் போக 50 மைக்ரோ வினாடி, பதில் வர இன்னொரு 50. மொத்தம் 100. பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அட்டை "போய்ச் சேரவில்லை" என்று முடிவு கட்டி அதையே மறுபடி அனுப்பும். பொட்டலம் போய்ச் சேர்ந்தும் சேராத மாதிரி ஒரு குழப்பம். மேட்வைஃபையில் ஏதெச்சிடிஆர்எல் என்ற சின்னக் கட்டளையால் தூரத்தை மீட்டரில் சொல்லி இந்தக் காத்திருப்பை நீட்டலாம். ஆனால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் காத்திருந்தால் வேகம் போய்விடும்.

மூன்றாவது, "பேசும் முன் கேள்" என்பது வைஃபையின் அடிப்படை நாகரிகம். யாராவது பேசினால் நாம் பேசக் கூடாது. 15 கிலோமீட்டரில் எதிர் முனை பேச ஆரம்பித்தது நம் காதுக்கு வரும் முன் நாமும் பேசத் தொடங்கிவிடுவோம். மோதல். ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று அட்டைகள் இருந்தால் ஒன்றின் சத்தம் இன்னொன்றின் காதை அடைத்துவிடும்.

இதற்கு முன்மாதிரி இந்தியாவிலேயே இருந்தது. கான்பூர் ஐஐடியின் டிஜிட்டல் கேஞ்செடிக் ப்ளெயின்ஸ் திட்டத்தில் பாஸ்கரன் ராமன், காமேஸ்வரி செப்ரோலு ஆகியோர், ஒரு கம்பத்தில் உள்ள எல்லா அட்டைகளும் ஒரே நேரத்தில் பேச வேண்டும், பிறகு ஒரே நேரத்தில் கேட்க வேண்டும் என்ற யோசனையை 2005இல் முன்வைத்தார்கள். பெர்க்லி குழு அதை எடுத்து மேலும் வளர்த்தது. அவர்களின் வைல்ட்நெட் 2007இல் கட்டுரையாக வெளிவந்தது. அட்டையின் "பேசும் முன் கேள்" பழக்கத்தை அணைத்தார்கள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் பதில் என்பதையும் நிறுத்தினார்கள். அதற்குப் பதில் நேரத்தைத் துண்டு போட்டு "இப்போது நீ, அடுத்து நான்" என்று முறை வைத்தார்கள். ஒரு கட்டுப் பொட்டலங்களுக்கும் சேர்த்து ஒரே பதில். தொலைந்ததை ஈடுகட்ட உபரித் தகவலும் சேர்த்தார்கள். வழக்கமான வைஃபையை விட வேகம் 2 முதல் 5 மடங்கு வரை கூடியது.

இவ்வளவும் செய்ய அட்டையை மாற்றவில்லை. கடையில் கிடைக்கும் அதே அட்டைதான். மாறியது லினக்ஸ் டிரைவரும் அதன் மேலே ஓடிய மென்பொருளும் மட்டுமே. என்டிஸ்ராப்பர் மாதிரி உள்ளே பார்க்க முடியாத டிரைவர் மட்டுமே இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

6. எதிரி மின்சாரம்

ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்த்தது வானொலிப் பிரச்சினை. வந்தது மின்சாரப் பிரச்சினை. 2008இல் இதே குழு எழுதிய இன்னொரு கட்டுரையின் முக்கியப் பகுதி இதைப் பற்றித்தான். கிராமத்து லைனில் மின்னழுத்தம் திடீரென எகிறும், பலகை கருகும். மின்னழுத்தம் மெல்லச் சரிந்தால் அது இன்னும் மோசம். பெட்டி அணையவும் அணையாது, ஓடவும் ஓடாது, நடுவில் தொங்கி நிற்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃப்ளாஷ் அட்டையில் உள்ள லினக்ஸ் கெட்டுப்போகும்.

பெட்டியோ உயரத்தில், ஆண்டெனா பக்கத்தில். சரிசெய்யத் தெரிந்தவரோ கலிஃபோர்னியாவில்! அதனால் தீர்வுகள் எளிமையாக இருக்க வேண்டியிருந்தது. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் முழுசாகத் துண்டிக்கும் சுற்று. தொங்கிப்போனால் தானே மறுபடி தொடங்க வைக்கும் "வாட்ச்டாக்". பெட்டி தானே அவ்வப்போது வெளியே தொடர்புகொண்டு தன் உடல்நிலையைச் சொல்லும் "ஃபோன்ஹோம்" என்ற மென்பொருள். இதைவிட முக்கியம், உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி. எந்த ஒயர் எந்தத் துளையில், எந்த விளக்கு எரிய வேண்டும் என்பதைத் தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால், பாதிப் பிரச்சினை அமெரிக்கா வரை போகாது.

7. பிறகு என்ன ஆயிற்று?

வயர்லெஸ் உலகில் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லா டிரைவர்களுக்கும் பொதுவான அடித்தளமாக மேக்80211 என்ற பகுதி 2007 ஜூலையில் 2.6.22 கெர்னலில் சேர்ந்தது. ஏதெராஸ் 2008இல் தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் கொடுத்தது. அதே ஆண்டில் மூடி வைத்திருந்த "ஹால்" பகுதியின் மூல நிரலையும் வெளியிட்டது.

தமிழ்நாட்டு அரசிலும் லினக்ஸ் நுழைந்தது. எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் அரசுக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்ற முயன்றார். சென்னை சிடாக் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அரசுப் பள்ளி மாணவர்கள் பலருக்கு லினக்ஸ் முதலில் அறிமுகமானது இப்படித்தான்.

பாஸுக்கு அடிப்படை டெபியன். டெபியனோ 2011இல் வந்த தன் 6ஆம் பதிப்பில், மூல நிரல் இல்லாத ஃபர்ம்வேர்களை நிறுவும் வட்டிலிருந்து நீக்கியது. கொள்கை சரி, ஆனால் புதிதாக வருபவரின் வயர்லெஸ் மறுபடி நின்றது. பதினோரு ஆண்டுகள் விவாதித்து 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பில் ஃபர்ம்வேரைத் திரும்பச் சேர்த்தார்கள். கொள்கையா, வேலை நடப்பதா என்ற சண்டைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தேனிப் பெட்டிகளும் அதே மாதிரி ஒரு சமரசத்தில்தான் ஓடின: பாதி மூடியது, பாதி திறந்தது.

இன்று பெரும்பாலான அட்டைகள் லினக்ஸில் செருகியதும் ஓடுகின்றன. இன்னும் அடம் பிடிப்பவை சில மலிவு யுஎஸ்பி அட்டைகள்தான். வாங்கும் முன் பெட்டியின் மேல் உள்ள பிராண்டைப் பார்க்காமல் உள்ளே உள்ள சிப் எது என்று பார்ப்பதே இன்றும் நல்ல வழி. ஒரே பெயரில் இரண்டு வேறு சிப்புகள் விற்பது இன்றும் நிற்கவில்லை.

அரவிந்தின் விஷன் சென்டர்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. கிராமத்துக்கும் பிராட்பேண்டும் செல்பேசி இணையமும் வந்த பிறகு, சொந்தமாகக் கிண்ண ஆண்டெனா நிறுத்த வேண்டிய கட்டாயம் குறைந்தது. ஆனால் கூலியை இழக்காமல், பக்கத்து ஊரிலேயே டாக்டரின் முகத்தைப் பார்த்துப் பேச முடியும் என்பதைத் தேனியில் முதலில் காட்டியவை அந்தப் பெட்டிகள். சின்னமனூரில் ஒரு பாட்டி திரையில் டாக்டரைப் பார்த்து "மங்கலாத் தெரியுதுங்க ஐயா" என்று சொல்ல வேண்டுமானால், கம்பத்தின் மேல் இருந்த அட்டை 100 மைக்ரோ வினாடி பொறுமையாகக் காத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. டிரைவரின் நிரல் கையில் இருந்ததால் அதைக் கற்றுக்கொடுக்க முடிந்தது.